அறுந்த இழையும் ஆண்டவரின் இரக்கமும்

– பத்தாம் வகுப்பு மாணவி



நம் காஞ்சி மாநகர் பட்டுக்கும் கோயில்களுக்கும் பெயர் பெற்ற ஊர். நம்முள் பலர் தறியின் ஓசை கேட்டே காலையில் கண் விழிப்பவர்கள். ஆகவே, இறைவன்மேல் நம்பிக்கை வைப்பதையும் பாவங்களை அறிக்கையிடுவதையும் பற்றி ஒரு கட்டுரை எழுத அமர்ந்தபோது, எங்கள் வீட்டுத் தறியே முதலில் நினைவுக்கு வந்தது. அதற்கு ஒரு காரணமும் உண்டு. அதை மறைக்காமல் சொல்லிவிடுகிறோம்.

தறியில் நீளவாட்டில் செல்வது பாவு. குறுக்கே செல்வது ஊடை. ஊடையைக் கொண்டு செல்வது நாடா. உடல் ஒரு நிறமும் கரை வேறு நிறமுமாக அமையும் கோர்வைச் சேலைக்கு மூன்று நாடாக்கள் வேண்டும். உடலும் கரையும் சேரும் இடத்தில் ஒவ்வோர் இழையும் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ள வேண்டும். அங்கே ஓர் இழை தவறினாலும் சேலையின் அழகு கெட்டுவிடும்.

சென்ற ஆண்டு விடுமுறையில் ஒரு நாள், அப்பா வேலையாக வெளியே சென்றிருந்தார். "தறியைத் தொடாதீர்கள்" என்று அம்மா பலமுறை சொல்லியிருந்தும், நாமும் நெய்து பார்ப்போமே என்று நானும் தங்கையும் தறியில் அமர்ந்தோம். விளையாட்டாக நாடாவை வீசியதில் கரையை ஒட்டிய பாவில் மூன்று இழைகள் அறுந்துபோயின. எங்களுக்கு அவற்றைப் பிணைக்கத் தெரியாது. அறுந்த நுனிகளைப் பின்னால் தள்ளிவிட்டு, ஒன்றும் நடவாததுபோல் எழுந்து வந்துவிட்டோம். 

அன்று மாலை விளக்கு வெளிச்சத்தில் அப்பா நெய்தார். மறுநாள் காலை வெயில் பட்டபோதுதான் சேலையில் மெல்லிய கோடு ஒன்று ஓடுவதைக் கண்டார். அதற்குள் ஒரு முழத்துக்குமேல் நெய்து முடிந்திருந்தது. அவர் யார் மேலும் கோபப்படவில்லை. அம்மாவைப் பார்த்து, "எனக்குக் கண் மங்குது போலிருக்கு. இழை போனதுகூடத் தெரியல" என்றார். அந்தச் சொல் எங்கள் நெஞ்சில் ஊசியாகத் தைத்தது. எங்கள் குற்றத்தை அப்பா தம் கண்களின்மேல் போட்டுக்கொண்டார். அப்போதும் நாங்கள் வாய் திறக்கவில்லை. 

மூன்று நாட்கள் கழிந்தன. அப்பா தறியில் குனிந்து கண்களைத் தேய்த்துக்கொள்ளும்போதெல்லாம் நாங்கள் இருவரும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டோம். இரவு செபமாலை சொல்லும்போது வாய் மட்டும் சொல்லியது, மனம் சொல்லவில்லை.

மறைப்பது ஏன்?

நாம் பாவத்தை மறைப்பது ஏன்? பாவம் பெரியது என்பதாலா? அல்ல என்றே இன்று நினைக்கிறோம். யாரிடம் சொல்ல வேண்டுமோ அவர்மேல் நமக்கு நம்பிக்கை குறைவாக இருப்பதாலேயே மறைக்கிறோம். "அப்பா அடிப்பார், இனி நம்மை நம்பமாட்டார்" என்று நாங்கள் எண்ணினோம். எங்களைப் பதினைந்து ஆண்டுகளாக வளர்த்த அப்பாவை நாங்கள் அறிந்தது அவ்வளவுதான்! கடவுளிடமும் நாம் இப்படியே நடந்துகொள்கிறோம். அவரைத் தந்தை என்று நாள்தோறும் அழைக்கிறோம். ஆனால் தவறு செய்தபின் போலீஸ்காரரைக் கண்டதுபோல் ஒளிந்துகொள்கிறோம்.

நற்செய்தியில் இருவரைப் பார்க்கிறோம். யூதாசு முப்பது வெள்ளிக்காசுக்கு ஆண்டவரைக் காட்டிக்கொடுத்தான். பேதுரு ஆண்டவரைத் தெரியவே தெரியாது என்று மூன்று முறை மறுதலித்தார். இருவரும் பாவம் செய்தார்கள். இருவரும் வருந்தினார்கள். யூதாசு காசைத் திருப்பிக் கொடுத்து, தான் பாவம் செய்ததாக வாயால் சொல்லவும் செய்தான். ஆனால் அவன் அதைச் சொன்னது இரக்கமில்லாத தலைமைக் குருக்களிடம், ஆண்டவரிடம் அல்ல. அவர்கள் அவனைக் கைவிட்டார்கள். பேதுருவோ மனங்கசந்து அழுதார். ஆயினும் ஆண்டவரை விட்டு ஓடவில்லை. திபேரியக் கடற்கரையில் ஆண்டவரைக் கண்டதும் படகு கரை சேரும்வரைகூடக் காத்திராமல் தண்ணீரில் குதித்து அவரிடம் வந்தார். மூன்று முறை மறுத்தவரிடம் ஆண்டவர் மூன்று முறை அன்பைப் பற்றிக் கேட்டு, தம் மந்தையை ஒப்படைத்தார். இருவருக்குமுள்ள வேறுபாடு நம்பிக்கையே.

ஊதாரி மைந்தன் உவமையும் இதையே கற்பிக்கிறது. மகன் வழியெல்லாம் மன்னிப்புக் கேட்கும் சொற்களை மனப்பாடம் செய்துகொண்டு வந்தான். ஆனால் அவன் தொலைவில் வரும்போதே தந்தை ஓடிவந்து கட்டிக்கொண்டார். அவன் தான் எண்ணியதைச் சொல்லி முடிக்குமுன் விருந்துக்கு ஆணையிட்டுவிட்டார். மன்னிப்பு அவனுக்கு முன்பே அங்கே காத்திருந்தது.

தமிழில் பாவசங்கீர்த்தனம்

நம் பாட்டிமார் "பாவசங்கீர்த்தனம்" என்று சொல்வதை இன்று நாம் "ஒப்புரவு அருட்சாதனம்" என்கிறோம். இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப்பின், 1973-ஆம் ஆண்டில் இதன் சடங்குமுறை புதுப்பிக்கப்பட்டது. பாவத்தால் பிரிந்தவர் இறைவனோடும் சகோதரரோடும் மீண்டும் ஒன்று சேர்வதை "ஒப்புரவு" என்ற சொல் அழகாகக் காட்டுகிறது.

இந்த அருட்சாதனத்துக்கும் நம் தாய்மொழிக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்த புனித பிரான்சிஸ் சவேரியார், தமிழ் அறிந்தவர்களின் உதவியோடு முக்கியமான செபங்களைத் தமிழில் ஆக்கிக் கற்பித்தார். பாவ அறிக்கைச் செபமும் அவற்றுள் ஒன்று. அவருக்குப்பின் அங்கு உழைத்தவர் போர்த்துக்கல் நாட்டு இயேசுசபைக் குரு ஹென்றீக்கஸ் அடிகளார். தமிழர் இவரை அண்டிரிக் அடிகளார் என்று அழைத்தனர். இவர் தமிழை நன்கு கற்று, 1578-இல் கொல்லத்தில் "தம்பிரான் வணக்கம்" என்ற நூலைத் தமிழ் எழுத்தில் அச்சிட்டார். அடுத்து 1579-இல் கொச்சியில் "கிரிசித்தியானி வணக்கம்" வெளிவந்தது. அதற்கு அடுத்த ஆண்டு, 1580-இல், அவர் அச்சிட்டது என்ன தெரியுமா? நல்ல பாவசங்கீர்த்தனம் செய்ய வழிகாட்டும் நூல்!

தமிழில் அச்சேறிய முதல் சில நூல்களுள் ஒன்று பாவ அறிக்கைக்கு உரியது என்பதை அறிந்தபோது நாம் வியந்தோம். பிறகு சிந்தித்துப் பார்த்தால் காரணம் விளங்குகிறது. வாணிபத்தைத் துபாசி வைத்துப் பேசலாம். ஆனால் தன் பாவத்தை மூன்றாம் ஆள் ஒருவர் நடுவில் நிற்க, யாரால் மனம் திறந்து சொல்ல முடியும்? அழும்போது எந்த மொழியில் அழுகிறோமோ, அந்த மொழியிலேதான் பாவத்தையும் சொல்ல முடியும். 

நம் ஊரில் பிற சமயத் தோழியர் கோயில் வாசலில் கன்னத்தில் போட்டுக்கொள்வதைக் காண்கிறோம். வாக்குத் தவறிப் பார்வை இழந்த சுந்தரர், காஞ்சி ஏகம்பத்தில் இறைவனை வேண்டி இடக்கண் பார்வை பெற்றதாகப் பெரிய புராணம் கூறுவதையும் தமிழ் வகுப்பில் கேட்டிருக்கிறோம். தவறு செய்தவன் இறைவன்முன் வந்து நிற்க வேண்டும் என்பதை நம் ஊர் நெடுங்காலமாக அறியும். 

சொன்னால் வெளியே போகுமோ?

"குருவிடம் சொன்னால் நம்மைப் பற்றி என்ன நினைப்பார்? வெளியே தெரிந்துவிடுமோ?" என்ற அச்சம் நம்மில் பலருக்கு உண்டு. பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதைக் குரு எக்காரணத்தாலும் வெளியிடக் கூடாது என்பது திருச்சபையின் உறுதியான சட்டம். 1393-இல் பிராகா நகரில் அரசனின் ஆணையால் ஆற்றில் எறிந்து கொல்லப்பட்ட புனித நெப்போமுக் அருளப்பர், அரசியின் பாவசங்கீர்த்தனத்தை வெளியிட மறுத்ததாலேயே கொல்லப்பட்டார் என்று மரபு கூறும். மேலும் குருவும் நம்மைப்போல் பாவ மன்னிப்புத் தேவைப்படும் மனிதரே. 2014 மார்ச் 28 அன்று, திருத்தந்தை பிரான்சிஸ் தூய பேதுரு பேராலயத்தில் பிறரின் பாவசங்கீர்த்தனத்தைக் கேட்கச் செல்லும் முன், எல்லோரும் காண ஒரு குருவின் முன் தாமே முழந்தாளிட்டார். திருத்தந்தையே முழந்தாளிட்டால், நமக்கு என்ன வெட்கம்?

ஐந்து காரியங்கள்

நல்ல பாவசங்கீர்த்தனத்துக்கு ஐந்து காரியங்கள் வேண்டும் என்று ஞானோபதேச வகுப்பில் படித்தோம். வாயால் ஒப்பித்ததை வாழ்க்கையில் கற்றுக்கொண்டது அந்த மாதத்தின் முதல் வெள்ளியன்றுதான்.

முதலாவது, ஆத்தும சோதனை. கோவிலில் அமர்ந்து நினைத்துப் பார்த்தோம். இழை அறுந்தது எங்கள் பெரிய குற்றம் அல்ல. அம்மாவுக்குக் கீழ்ப்படியாததும், அப்பா தம்மையே குறைகூறியபோது மௌனமாக இருந்ததுமே பெரியவை.

இரண்டாவது, மனஸ்தாபம். முதல் நாள் எங்களுக்கு இருந்தது அடிக்கு அஞ்சிய வருத்தம். அப்பா கண்ணைத் தேய்த்ததைக் கண்டபின் வந்ததோ அன்பினால் வந்த வருத்தம். இறைவனை நேசிப்பதால் வரும் இத்தகைய வருத்தத்தையே உத்தம மனஸ்தாபம் என்கிறோம்.

மூன்றாவது, இனிச் செய்யமாட்டோம் என்ற பிரதிக்கினை. நான்காவது, குருவிடம் பாவங்களைச் சொல்லுதல். முழந்தாளிடும்வரை நெஞ்சு படபடத்தது. சொல்லி முடித்தபோது, தலையிலிருந்த தண்ணீர்க் குடத்தை இறக்கி வைத்ததுபோல் இருந்தது. யாருக்குத் தீங்கு செய்தோமோ அவரிடமும் உண்மையைச் சொல்ல வேண்டும் என்று குரு அன்போடு அறிவுறுத்தினார். 

ஐந்தாவது, பரிகாரம். இதுவே எங்களுக்குக் கடினமாக இருந்தது. அன்று மாலை நாங்கள் இருவரும் தறியின் அருகில் போய் நின்றோம். தங்கை அழுதுவிட்டாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். அப்பா வெகு நேரம் பேசவில்லை. பிறகு, "அப்போ என் கண்ணு நல்லாத்தான் இருக்கு" என்றார். சற்றுப் பொறுத்து, "இழை அறுறது தறியில சகஜம்மா. அறுந்த உடனே சொன்னா ஒரு நிமிஷ வேலை. சொல்லாம விட்டா ஒரு முழம் பாழ்" என்றார். எங்கள் இருவரையும் அருகில் உட்கார வைத்து, அறுந்த இழையைப் பிணைக்கும் விதத்தைக் காட்டினார். 

தோழியரே, மன்னிப்புக் கிடைத்ததால் சேலையிலிருந்த கோடு மறைந்துவிடவில்லை. அந்தச் சேலைக்குக் கூலியில் பிடித்தம் செய்தார்கள். அவ்வாண்டு கிறிஸ்மஸ் பெருவிழாவுக்கு எங்களுக்குப் புத்தாடை இல்லை. பள்ளி விட்டு வந்ததும் ஒரு மாதம் ராட்டையில் தார் சுற்றி அப்பாவுக்கு உதவினோம். பாவம் மன்னிக்கப்பட்டாலும் அதனால் விளைந்த சேதத்தை இயன்றவரை ஈடுசெய்வது நம் கடமை என்பதை இவ்வாறு உணர்ந்தோம். ஆயினும் பழைய உடுப்பில் நள்ளிரவுத் திருப்பலிக்குப் போன அந்தக் கிறிஸ்மஸ் இரவில் எங்கள் மனத்தில் இருந்த சமாதானம் முன்பு எப்போதும் இருந்ததில்லை.

அன்றாட வாழ்வில்

கொலையும் களவும் செய்தவர்க்கே பாவசங்கீர்த்தனம் என்று எண்ண வேண்டாம். தேர்வில் பக்கத்துத் தாளைப் பார்ப்பது, தோழியைப் பற்றிப் புறங்கூறுவது, படிப்பதாகச் சொல்லி அம்மாவின் கைப்பேசியில் வேறெதையோ பார்ப்பது, களைத்து வந்த தாயை எதிர்த்துப் பேசுவது – இவையெல்லாம் நம் அன்றாடப் பாவில் அறுந்துபோகும் இழைகள். இரவில் படுக்குமுன் ஐந்து நிமிடம் அந்த நாளை நினைத்துப் பார்த்தால், எந்த இழை அறுந்தது என்று தெரிந்துவிடும். அன்றே ஆண்டவரிடம் சொல்லிவிடலாம். மறுநாளே தோழியிடம் மன்னிப்புக் கேட்டுவிடலாம். மாதந்தோறும் பாவசங்கீர்த்தனம் செய்யலாம். 

குழந்தை இயேசுவின் புனித தெரேசம்மாள் 1888-இல் கார்மேல் மடத்தில் நுழைந்தபோது அவருக்கு நம் வயதுதான், பதினைந்து. தந்தையின் கரங்களில் குழந்தை சாய்வதுபோல் இறைவனை நம்பிச் சாய்வதே அவர் காட்டிய சிறு வழி. விழுந்த குழந்தை அடிபட்ட முழங்காலைத் தாயிடமிருந்து மறைப்பதில்லை. காட்டிக்கொண்டு ஓடி வருகிறது. நாமும் அவ்வாறே ஓடுவோம்.

ஆகவே அன்புத் தோழியரே, நம்பிக்கையும் பாவ அறிக்கையும் கோர்வைச் சேலையின் உடலும் கரையும் போன்றவை. ஒன்றோடொன்று கோக்கப்படாவிட்டால் இரண்டும் நிலைக்கா. நம்பிக்கையின்றிச் சொல்லும் பாவ அறிக்கை வெறும் பயம். பாவத்தை மறைத்துக்கொண்டு சொல்லும் நம்பிக்கை வெறும் வாய்ச்சொல். வருகிற முதல் வெள்ளியன்று ஆலயத்துக்குச் செல்லும்போது, மறைத்து வைத்திருக்கும் அந்த ஒரு காரியத்தை முதலில் சொல்லிவிடுவோம். நம் தந்தையாம் இறைவன் அறுந்த இழையைப் பிணைக்கக் காத்திருக்கிறார். 

வாழ்க இயேசு! வாழ்க மரியே!