கோடையில் உருகும் டி.சி.சி.

அமினோ அமிலங்கள் இரண்டைக் கலந்து வைத்தால் அவை தாமே பெப்டைடாக இணைந்துவிடா. இணைய வேண்டுமானால் இடையிலிருந்து நீர் நீங்க வேண்டும். அதற்கென 1955-இல் ஷீஹானும் ஹெஸ்ஸும் கையாண்ட பொருளே டைசைக்ளோஹெக்ஸைல் கார்போடைஇமைடு, சுருக்கமாக, டி.சி.சி. இது அமிலத்தோடு முதலில் ஒட்டிக்கொள்ளும். அமீன் வந்து சேர்ந்ததும் நீரின் கூறுகளைச் சுமந்துகொண்டு, எளிதில் கரையாத யூரியாவாகப் படியும். வடிகட்டி விடலாம். (முழுதும் நீங்கிவிடும் என்று மட்டும் நம்பிவிடாதீர்கள்!)

மெழுகு போன்ற இப்பொருள் ஏறத்தாழ 34 பாகை செல்சியஸில் உருகும். ஆகவே கோடைப் பகலில் புட்டியிலேயே உருகி, குளிர்ந்ததும் பாறைபோல் இறுகிவிடும். நண்பர்களே, அதைக் கரண்டியால் சுரண்டாதீர்கள். தூள் கண்ணுக்குக் கேடு. தோலில் பட்டால் ஒவ்வாமை உண்டாகலாம். ஒருமுறை உண்டாகிவிட்டால், பிறகு சிறு துகளும் தடிப்பை எழுப்பும். மூடிய புட்டியை வெதுவெதுப்பான நீரில் வைத்து உருக்குங்கள். கையுறையும் கண்ணாடியும் அணிந்து, புகைபோக்கி அலமாரிக்குள் ஊற்றி எடுங்கள்.