பிள்ளைக்குப் பெயர்ச்சொல் சொல்லித் தருவோம்

பெங்களூரில் ஈஜிபுரா என்ற பகுதி உள்ளது. கோரமங்களாவும் விவேக்நகரும் அதன் பக்கத்தில் உள்ளன. அங்கே தமிழ்க் குடும்பங்கள் வாழ்கின்றன. வீட்டில் பேசுவது தமிழ். கடையில் கேட்பது கன்னடம். பிள்ளையின் பையில் ஆங்கிலப் புத்தகமும் இருக்கிறது.

"எனக்கு ஆங்கிலம் தெரியாது. நான் எதைச் சொல்லித் தருவேன்?" என்று தயங்காதீர்கள். பெயர்ச்சொல் பாடத்தை நீங்களே தொடங்கி வைக்கலாம்.

இரண்டு கேள்விகள்

பிள்ளையோடு தெருவில் நடந்து போங்கள். இப்படிக் கேளுங்கள்:

"கண்ணு, அது என்ன?"

"சர்ச்சும்மா."

"அதோட பேரு என்ன?"

"குழந்தை இயேசு சர்ச்."

முதல் கேள்விக்கு வந்த பதில் பொதுப்பெயர். எல்லா சர்ச்சுக்கும் அது பொருந்தும். ஊர், ஆறு, பையன், பள்ளி ஆகியவையும் பொதுப்பெயர்களே. ஆங்கிலத்தில் இதைக் 'காமன் நவுன்' என்பார்கள்.

இரண்டாவது கேள்விக்கு வந்த பதில் தனிப்பெயர். ஈஜிபுரா, காவிரி, முருகன் ஆகியவை தனிப்பெயர்கள். ஒன்றை மட்டும் பிரித்துக் காட்ட வைத்த பெயர்கள். ஆங்கிலத்தில் 'ப்ராப்பர் நவுன்' என்பார்கள். கன்னட வகுப்பில் பொதுப்பெயரை 'ரூடநாமம்' என்றும், தனிப்பெயரை 'அங்கிதநாமம்' என்றும் படிப்பார்கள்.

ஓர் எச்சரிக்கை

தமிழ் இலக்கணத்தில் மரம் பொதுப்பெயர், மா சிறப்புப்பெயர். ஆங்கிலத்தில் அப்படி இல்லை. உலகில் எத்தனையோ மாமரங்கள் உண்டு. ஆகவே 'மேங்கோ' அங்கே பொதுப்பெயர்தான். பிள்ளை இங்கே குழம்பலாம். பொறுமையாக விளக்குங்கள்.

பெரிய எழுத்து

ஆங்கிலத்தில் 26 எழுத்துகள். ஒவ்வொன்றுக்கும் பெரிய வடிவம், சின்ன வடிவம் என இரண்டு உண்டு. தமிழிலும் கன்னடத்திலும் இந்த வழக்கம் இல்லை. அதனால்தான் பிள்ளைகள் மறந்துவிடுகிறார்கள்.

தனிப்பெயரின் முதல் எழுத்தைப் பெரிய எழுத்தில் எழுத வேண்டும். கிழமை, மாதம், மொழி ஆகியவற்றின் பெயர்களுக்கும் இதே விதி. பொதுப்பெயருக்குச் சின்ன எழுத்தே போதும். ஆனால் வாக்கியத்தின் முதல் சொல் எதுவானாலும் பெரிய எழுத்தில்தான் தொடங்கும்.

பெயர் ஒன்று, எழுத்து ஒன்று

2014 நவம்பர் 1 முதல் பெங்களூரின் பெயரை ஆங்கிலத்திலும் 'பெங்களூரு' என்றே எழுதுகிறார்கள். அதற்கு முன் 'பேங்களூர்' என்று எழுதினார்கள். ஊருக்கு அரசாங்கம் ஆணை போட்டு மாற்றியது. நம் பிள்ளையின் பெயரில் எழுத்து மாறினால் அலைச்சல் நமக்குத்தான்.

லட்சுமி என்ற பெயரை ஆங்கிலத்தில் பல விதமாக எழுதலாம். பிறப்புச் சான்றிதழில் ஒரு விதம், ஆதாரில் வேறு விதம் இருந்தால் தொல்லை. பள்ளிப் பதிவேட்டில் உள்ள எழுத்துதான் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலுக்கும் போகும்.

ஆகவே பிள்ளையின் பெயரை ஆங்கிலத்தில் எழுதப் பழகுங்கள். பள்ளியில் சேர்க்கும்போது ஒவ்வோர் எழுத்தையும் சரிபாருங்கள். பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

பயிற்சி

1. பொதுப்பெயர் எது, தனிப்பெயர் எது? பிரித்து எழுதுங்கள்: நகரம், மைசூர், நாள், திங்கட்கிழமை, ஆறு, வைகை.

2. உங்கள் தெருவில் உள்ள மூன்று பெயர்ப் பலகைகளைப் படியுங்கள். அவற்றில் உள்ள தனிப்பெயர்களை எழுதுங்கள்.

3. பிள்ளையின் பெயர் எல்லாச் சான்றிதழ்களிலும் ஒரே மாதிரி இருக்கிறதா? எடுத்துப் பாருங்கள்.