லேப்டாப்பிற்கு என்கிரிப்ஷன் தேவையா?

தாம்பரம், குரோம்பேட்டை, சேலையூர் பகுதிகளில் புதிதாக லேப்டாப் வாங்கும் நண்பர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "கடையில் செக்யூரிட்டி சாப்ட்வேரும் சேர்த்து வாங்கச் சொல்கிறார்கள், வாங்கலாமா?" பணம் கொடுப்பதற்கு முன் ஒன்றைத் தெரிந்து கொள்ளுங்கள். வைரஸ் தடுப்பு வேறு, என்கிரிப்ஷன் வேறு.

வைரஸ் தடுப்பிற்கான டிபண்டர், 2012-ல் வந்த விண்டோஸ் 8 முதல் விண்டோஸிலேயே இருக்கிறது. அப்டேட்களை நிறுத்தாமல் வைத்திருந்தால், சாதாரண வீட்டு உபயோகத்திற்கு அது போதும் என்பது என் கருத்து.

என்கிரிப்ஷன் என்பது டிஸ்க்கில் உள்ள தகவல்களைச் சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றி வைப்பது. "பாஸ்வேர்டு போட்டிருக்கிறேனே, போதாதா?" என்று கேட்கலாம். போதாது. திருடியவர் டிஸ்க்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் இணைத்தால், பாஸ்வேர்டு கேட்காமலே உங்கள் பைல்கள் திறந்துவிடும். என்கிரிப்ட் செய்யப்பட்ட டிஸ்க்கில் இது நடக்காது. ஆனால் வைரஸ் வந்தால் என்கிரிப்ஷன் அதைத் தடுக்காது.

யாருக்குத் தேவை? லேப்டாப் வீட்டை விட்டு வெளியே போகிறதா, அதில் பிறர் பார்க்கக் கூடாத பைல்கள் உள்ளனவா என்று பாருங்கள். கடற்கரை - தாம்பரம் மின்சார ரயிலில் தினமும் லேப்டாப்பைக் கொண்டு செல்பவரா? அதில் ஆதார், பான் நகல்கள், பேங்க் ஸ்டேட்மெண்ட், வாடிக்கையாளர் கணக்குகள் உள்ளனவா? உங்களுக்கு அவசியம் தேவை. மேஜையை விட்டு நகராமல், பாடமும் படமும் மட்டும் பார்க்கும் லேப்டாப்பிற்கு அவசரமில்லை.

இதற்கும் தனியாகப் பணம் செலவழிக்க வேண்டியதில்லை. விண்டோஸ் 11-ல் செட்டிங்ஸ் சென்று, பிரைவசி அண்ட் செக்யூரிட்டி என்பதைக் கிளிக் செய்யவும். டிவைஸ் என்கிரிப்ஷன் என்ற பிரிவு இருந்தால், அது ஆன் ஆகியுள்ளதா எனப் பார்க்கவும். புரோ பதிப்பில் பிட்லாக்கர் என்ற வசதி உள்ளது. 2024-ல் வெளியான 24எச்2 பதிப்புடன் வரும் புதிய லேப்டாப்களில், மைக்ரோசாப்ட் அக்கவுண்ட் மூலம் நுழைந்தால் பெரும்பாலும் இது தானாகவே ஆன் ஆகிவிடும். எனவே உங்களுக்குத் தெரியாமலே உங்கள் லேப்டாப் பூட்டப்பட்டிருக்கலாம்!

இங்கேதான் கவனம் தேவை. இந்தப் பூட்டிற்கு 48 இலக்கங்கள் கொண்ட ரெகவரி கீ உண்டு. ரிச்சி தெருவில் கொடுத்து மதர்போர்டு மாற்றினாலோ, சில சமயம் பயாஸ் அப்டேட் செய்தாலோ விண்டோஸ் இதைக் கேட்கும். கீ இல்லையென்றால் கல்யாண போட்டோக்கள் முதல் கடைக் கணக்கு வரை எல்லாம் போய்விடும். மைக்ரோசாப்ட் நிறுவனத்தாலும் அதை மீட்டுத் தர முடியாது.

டிவைஸ் என்கிரிப்ஷன் தானாக ஆன் ஆகியிருந்தால், கீ உங்கள் மைக்ரோசாப்ட் அக்கவுண்டில் சேமிக்கப்பட்டிருக்கும். அந்த அக்கவுண்டின் பாஸ்வேர்டை மறக்காதீர்கள். கீயைத் தாளில் எழுதி, ரேஷன் கார்டு, வீட்டுப் பத்திரத்துடன் பத்திரப்படுத்துங்கள். லேப்டாப் பையில் மட்டும் வைக்காதீர்கள்.

முக்கிய பைல்களுக்கு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கில் ஒரு காப்பி எடுத்து வையுங்கள். இப்படிக் காப்பி செய்த பைல்கள் என்கிரிப்ட் ஆகியிருக்காது. ஆகவே அந்த டிஸ்க்கைப் பீரோவில் பூட்டி வைப்பது நல்லது.