எச்சமும் சாட்சியமும்

உயிருடைய பொருள் எதுவும் தான் வாழ்ந்த இடத்தில் ஏதேனும் ஓர் அடையாளத்தை விட்டுச் செல்லாமற் போவதில்லை. உதிர்ந்த மயிர், உலர்ந்த தோல், புதைந்த எலும்பு, காட்டு வழியிற் கிடக்கும் இலண்டம் ஆகிய இவை முற்காலத்தார் கண்ணுக்குக் கழிவுப் பொருள்களாகவே தோன்றின. இக்காலத்து உயிர்நூல் அறிஞரோ இவற்றைச் சாட்சிகளாக அழைத்து வினவுகின்றனர். அழிந்துபோன விலங்கின் உறவினம் யாது? கடையில் விற்கப்படும் இறைச்சி எவ்வுயிரினுடையது? துறைமுகத்திற் பிடிபட்ட தந்தம் எந்தக் காட்டினின்றும் வந்தது? இவ்வினாக்களுக்கெல்லாம் எச்சங்கள் விடை பகர்கின்றன. ஆயினும், எச்சம் தனித்து நின்று பேசுவதில்லை; ஒப்பிட்டு நோக்குதற்குரிய பதிவுகள் முன்னரே சேர்த்து வைக்கப்பட்டிருந்தாலன்றி அதன் மொழி நமக்கு விளங்காது. இவ்வுண்மையைச் சில எடுத்துக்காட்டுகளால் விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் இச்சாட்சியத்தின் இயல்பைக் காண்போம். உயிரணுக்களினுள்ளே டி. என். ஏ. என்னும் நூல்போன்ற நீண்ட பொருள் ஒன்று உள்ளது. நான்கே எழுத்துகளால் எழுதப்பட்ட ஏட்டுச்சுவடிக்கு அதனை ஒப்பிடலாம். அவ்வெழுத்துகளின் வரிசை இனத்துக்கு இனம் வேறுபடும். ஓரினத்துக்குள்ளும் உயிருக்கு உயிர் சிறிது வேறுபடும். உயிர் நீங்கியவுடன் இச்சுவடி சிதையத் தொடங்குகிறது. நீரும் வெப்பமும் நுண்ணுயிர்களும் அதனைத் துண்டு துண்டாக்குகின்றன. நியூசிலாந்தில் அழிந்துபோன மோவா என்னும் பெரும்பறவையின் எலும்புகளை ஆராய்ந்தவர்கள், குறித்த நீளமுள்ள துண்டுகளிற் பாதி அழிவதற்கு ஏறக்குறைய 521 ஆண்டுகள் ஆகும் என்று 2012ஆம் ஆண்டிற் கணக்கிட்டனர். குளிர் மிகுந்த இடத்தில் அது நெடுங்காலம் நிலைக்கும். சைபீரியாவின் உறைநிலத்திற் கிடைத்த மாமத யானையின் பற்களிலிருந்து பத்து இலட்சம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட டி. என். ஏ. 2021இல் வாசிக்கப்பட்டது.

பழைய எச்சங்களில் ஆராய்வோர்க்குத் துணையாவது மைட்டோகாண்டிரியா என்னும் நுண்ணுறுப்பாகும். உட்கருவின் சுவடி ஓர் அணுவில் இரண்டு படிகளே இருக்க, இந்நுண்ணுறுப்பின் சிறு சுவடியோ நூற்றுக்கணக்கிலும் ஆயிரக்கணக்கிலும் இருக்கும். ஆதலின் பெரும்பகுதி அழிந்த பின்னும் அதன் துண்டுகள் சில எஞ்சி நிற்றல் கூடும். ஆனால் அது தாய்வழி மரபை மட்டுமே கூறும் என்பதை மறத்தலாகாது.

இனி, இவ்வாராய்ச்சி தோன்றிய வரலாற்றைக் கூறுவோம். தென்னாப்பிரிக்கப் புல்வெளிகளிற் கூட்டங்கூட்டமாய்த் திரிந்த குவாகா என்னும் விலங்கு, முன்பாதியில் வரிக்குதிரையையும் பின்பாதியிற் பழுப்புநிறக் குதிரையையும் ஒத்திருந்தது. வேட்டையினால் அவ்வினம் தேய்ந்து, அதன் கடைசி உயிர் ஆம்ஸ்டர்டாம் விலங்குக் காட்சிச்சாலையில் 1883ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 12ஆம் நாள் இறந்தது. அது தனியினமா, குதிரைக்கு நெருங்கியதா, வரிக்குதிரையின் ஒரு வகையா என்னும் வாதம் மட்டும் அதனோடு இறக்கவில்லை. ஜெர்மனியின் மைன்ஸ் நகரத்து அரும்பொருட்சாலையிலிருந்த குவாகாவின் பாடஞ்செய்த உடல்களைக் கேப்டவுன் நகரத்தினரான ரைன்ஹோல்டு ராவ் என்பவர் செப்பனிட்டபோது, தோலின் உட்புறத்தில் ஒட்டியிருந்த உலர்ந்த தசைத் துணுக்குகளைக் குப்பையில் எறியாது காத்து வைத்தார். அத்தகைய துணுக்கிலிருந்து கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்து ஆலன் வில்சனும் அவர்தம் குழுவினரும் 229 எழுத்துகளை வாசித்து 1984இல் வெளியிட்டனர். அவற்றை உயிரோடிருக்கும் வரிக்குதிரைகளின் வரிசைகளோடு ஒப்பிடவே, குவாகா வரிக்குதிரையின் நெருங்கிய உறவு என்பது தெளிவாயிற்று. அழிந்துபோன உயிரின் சுவடியொன்று வாசிக்கப்பட்டது இதுவே முதன்முறை.

இவ்வறிவினால் இன்றுள்ள உயிர்களுக்கு என்ன பயன் என்று வினவுவாரும் உளர். காஸ்பியன் புலி என்பது நடு ஆசியாவில் வாழ்ந்து இருபதாம் நூற்றாண்டில் மறைந்த இனம். அரும்பொருட்சாலைகளிலிருந்த அதன் எச்சங்களை ஆராய்ந்தவர்கள், அது கீழ்த்திசை ருஷியாவில் இன்றும் வாழும் அமூர்ப் புலியினின்று மிகச் சிறிதே வேறுபட்டது என்று 2009இற் காட்டினர். எனவே, இழந்த காட்டில் மீண்டும் குடியேற்றுதற்கு எப்புலி தகுந்தது என்னும் வினாவுக்கு விடை கிடைத்தது. கஜகஸ்தான் அரசினர் 2018இல் இலே-பல்காஷ் காப்பிடத்தை அமைத்து, 2024இல் நெதர்லாந்திலிருந்து அமூர்ப் புலிகள் இரண்டைக் கொணர்ந்தனர்.

குவாகாவை ஆராய்ந்தவர்கள் அத்துண்டுகளைப் பாக்டீரியாவினுட் புகுத்திப் பெருக்க வேண்டியிருந்தது. கேரி மல்லிஸ் என்பவர் 1983இற் கண்ட பி. சி. ஆர். என்னும் முறை இவ்விடர்ப்பாட்டை நீக்கியது. ஒரு துண்டு இரண்டாய், இரண்டு நான்காய், இவ்வாறு முப்பது முறை இரட்டித்தால் நூறு கோடிக்கு மேற்பட்ட படிகள் கிடைக்கும். இதனால், கண்ணுக்குப் புலனாகாத அளவுள்ள எச்சமும் வழக்குக்கு உதவுவதாயிற்று.

இம்முறையை வனவுயிர்க் காவலுக்குப் பயன்படுத்திய வரலாறுகளுள் திமிங்கில இறைச்சி பற்றியது குறிப்பிடத்தக்கது. வாணிபத்துக்காகத் திமிங்கிலங்களைப் பிடித்தலை நிறுத்திவைக்கும் தீர்மானம் 1986 முதல் நடைமுறைக்கு வந்தது. ஜப்பானியர் ஆராய்ச்சியின் பொருட்டு மிங்கே என்னும் சிறுவகைத் திமிங்கிலத்தைப் பிடித்து, அதன் இறைச்சியைச் சந்தையில் விற்றுவந்தனர். அவ்விறைச்சியோடு வேறு இனங்களின் இறைச்சியும் கலந்திருக்குமோ என்று ஐயுற்ற ஸ்காட் பேக்கர், ஸ்டீபன் பலும்பி என்னும் அறிஞர் இருவர் 1993இல் அதனைச் சோதிக்கத் தலைப்பட்டனர். உடன்படிக்கையின்படி திமிங்கில இறைச்சியை அனுமதிச் சீட்டின்றி அயல்நாட்டுக்குக் கொண்டுசெல்லலாகாது. ஆதலின் பி. சி. ஆர். கருவியை டோக்கியோ நகர ஓட்டல் அறையிலேயே அமைத்து, டி. என். ஏ. யின் படிகளை அங்கே உண்டாக்கி, அப்படிகளை மட்டும் எடுத்துச் சென்றனர். சட்டமும் பிழைக்கவில்லை, உண்மையும் வெளிப்பட்டது. துடுப்புத் திமிங்கிலம், கூனற் றிமிங்கிலம் ஆகியவற்றின் இறைச்சியும் விற்கப்பட்டமை 1994இல் உலகுக்குத் தெரிந்தது. இவ்வினங்களின் எழுத்து வரிசைகள் முன்னரே பதிவாகியிருந்தமையால் அன்றோ இறைச்சித் துண்டின் இனத்தைக் கூற முடிந்தது?

தந்தத்தின் செய்தி இதனினும் அரியது. தந்தம் யானையினுடையது என்பதைக் குழந்தையும் அறியும். அது எந்தக் காட்டு யானையினுடையது என்பதே வினா. அதனை அறிந்தாலன்றிக் காவலரை எங்கே நிறுத்துவது? வாஷிங்டன் பல்கலைக்கழகத்துச் சாமுவேல் வாசர் என்பவர் இதற்கு விடை தேட, யானையின் இலண்டத்தை நாடினார். உணவு குடலைக் கடக்கும்போது குடற்சுவரின் அணுக்கள் அதனோடு கலந்து வெளிவருகின்றன. யானையைத் தீண்டாமலே அதன் சுவடியைப் பெறலாம். இவ்வாறு முதன்மையாக இலண்டத்திலிருந்து, ஆப்பிரிக்காவின் 29 நாடுகளில் 71 இடங்களினின்றும் 1,350 மாதிரிகள் நாளடைவிற் சேர்க்கப்பட்டன. சுவடியில் மாறுபாடு மிகுந்த 16 இடங்களை நோக்கினால், அண்டை நாட்டு யானைகள் தம்முள் ஒத்தும் தொலைவிலுள்ளவை வேறுபட்டும் இருக்கும். இதனைக்கொண்டு அவர் கண்டம் முழுமைக்கும் ஒரு படம் வரைந்தார். தந்தத்தைக் கடுங்குளிரில் வைத்துப் பொடியாக்குவர். வெப்பம் ஏறின் டி. என். ஏ. கெடும். அப்பொடியிற் கிடைக்கும் வரிசையைப் படத்தோடு பொருத்தினால், அந்த யானை வாழ்ந்த இடம் ஏறக்குறைய 300 கிலோமீட்டர் எல்லைக்குட் புலனாகும்.

2002ஆம் ஆண்டிற் சிங்கப்பூரில் ஆறரை டன் தந்தம் ஒரே சரக்கிற் பிடிபட்டது. பல நாடுகளில் சிறிது சிறிதாகத் திரட்டியதே அது என்று பலர் எண்ணியிருந்தனர். ஆராய்ச்சியோ அவை சாம்பியாவை நடுவாகக் கொண்ட ஒரு நிலப்பரப்பின் யானைகளுடையவை என்று காட்டியது. 1996 முதல் 2014 வரை பிடிபட்ட 28 பெருஞ்சரக்குகளை ஆராய்ந்து 2015இல் வெளியான முடிவு இன்னும் பெரிது. 2006க்குப் பிற்பட்ட சரக்குகளிற் பெரும்பாலான தந்தம் இரண்டே பெரும்பகுதிகளிலிருந்து வந்தது. புல்வெளி யானைத் தந்தம் டான்சானியாவை நடுவாகக் கொண்ட கிழக்குப் பகுதியினது. காட்டு யானைத் தந்தம் காபோன், காங்கோ, காமரூன் நாடுகள் கூடும் பகுதியினது. ஓர் யானையின் இரு தந்தங்கள் வெவ்வேறு கப்பற்சரக்குகளிற் கிடந்தமையும் பின்னர்க் கண்டறியப்பட்டது. ஒரே விலங்கின் இரு கொம்புகள் இரு சரக்குகளில் இருப்பின், அவ்விரண்டையும் அனுப்பியது ஒரே கூட்டமாதல் வேண்டும். இவ்வழியே மொம்பாசா, எண்டெபே, லோமே ஆகிய மூன்றிடங்களைச் சார்ந்த பெருங்கூட்டங்கள் மூன்று 2018இற் சுட்டப்பட்டன.

எனினும், இச்சாட்சியை ஆராயாது நம்புதலும் தவறாகும். 1994இல், எட்டுக் கோடி ஆண்டுகட்கு முற்பட்ட எலும்பிலிருந்து டி. என். ஏ. கிடைத்ததாக ஒரு செய்தி வெளிவந்தது. பிற அறிஞர் சோதித்தபோது அது மனிதருடைய டி. என். ஏ. கலந்ததால் விளைந்த மயக்கமென்று தோன்றியது. எடுப்பவர் கைப்பட்ட தோல்துகள் ஒன்றே பண்டைச் சுவடியை மறைத்துவிடக் கூடும். ஆதலின் எச்சத்தைப் பிரிக்கும் அறையும் பெருக்கும் அறையும் வேறாயிருத்தல் வேண்டும். எச்சம் இடாத வெறுங்குழாயையும் உடன் சோதித்தல் வேண்டும். இயலுமாயின் வேறோர் ஆராய்ச்சிசாலையார் மீட்டும் செய்து பார்த்தல் வேண்டும். நீதிமன்றத்திலோ, பொருள் யார் கையினின்று யார் கைக்கு மாறியது என்பது முத்திரையோடும் கையொப்பத்தோடும் விளங்க வேண்டும். அன்றியும், தந்தம் யானை வாழ்ந்த இடத்தைக் கூறும். சுட்டவன் பெயரைக் கூறாது. அதனைக் கண்டறிதல் காவலர் கடமையேயாகும்.

நம் நாட்டிலும் இத்துறை வளர்ந்துள்ளது. ஐதராபாத்து உயிரணு, மூலக்கூற்று உயிரியல் மையத்தைச் சார்ந்த எஸ். கே. வர்மா, லால்ஜி சிங் என்போர், எவ்விலங்கென்று முன்னரே அறியாத எச்சத்திலிருந்தும் இனத்தைக் கண்டறிதற்குரிய பொதுமுறையொன்றை 2003இல் வெளியிட்டனர். 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்படி நடக்கும் வழக்குகளில், சமைத்த இறைச்சியும் பதனிட்ட தோலும் இன்னதென்று உருவத்தால் அறியவொண்ணாதபோது இத்தகைய முறைகள் பெரிதும் உதவுவன.

மாணவ நண்பர்களே, இவ்வரலாறுகளில் நாம் கற்க வேண்டுவது ஒன்றுண்டு. குவாகாவின் தசைத் துணுக்கை ஒருவர் எறிந்திருப்பின், புலித்தோலின் சீட்டில் ஊரும் ஆண்டும் எழுதப்படாதிருப்பின், காடுதோறும் சென்று இலண்டம் சேர்ப்பாரைப் பிறர் எள்ளி நகைத்து நிறுத்தியிருப்பின், நுட்பமான கருவிகள் எத்தனை இருந்தும் பயன் யாது? பிராணிநூல் அறையில் ஒரு சிறு பறவையைப் பதப்படுத்துவோரும் அது கிடைத்த இடத்தையும் நாளையும் பிழையின்றி எழுதி வைப்பாராக. இன்று எழுதும் அச்சீட்டு, நூறாண்டு கழித்து ஓர் இனத்தைக் காக்கும் சாட்சியமாதல் கூடும்.