தீப்பெட்டிப் புலி பிடிக்கப் போகிறவர்களுக்கு

விலங்குப் படம் போட்ட இங்கிலாந்து எனாமல் டப்பிகளைச் சேர்க்க ஆசை என்கிறீர்கள். கச்சிராயபாளையம் டீக்கடையில் அது கிடைக்காது. சிவகாசித் தீப்பெட்டி கிடைக்கும். அதில் தொடங்குங்கள்.

1. ஒரே ஒரு மிருகத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். புலி என்றால் புலி. ஒருவர் போட்ட படத்தையே காதை நீட்டி, வாலைத் திருப்பி இன்னொருவர் போட்டிருப்பார். அந்தப் போலிகளையும் விடாதீர்கள். எனக்கு அசலைவிட அவைதான் பிடிக்கும்.

2. முதலில் மிருகம், பிறகு படம். சிறுத்தையின் உடம்பில் இருப்பவை பூ மாதிரி வளையங்கள். சீட்டா எனும் சிவிங்கிப்புலிக்கு நிரம்பிய கறுப்புப் புள்ளிகள். கண்ணிலிருந்து வாய்வரை ஒரு கறுப்புக் கோடு. அது இந்தியாவில் அற்றுப்போனதாக 1952-இல் அறிவித்தார்கள். 2022-இல்தான் நமீபியாவிலிருந்து குனோ தேசியப் பூங்காவுக்கு வந்தது. காட்டில் அது இல்லாத காலத்திலும் ‘சீட்டா ஃபைட்’ பெட்டி கடைகளில் இருந்தது. அந்தப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, வரைந்தவர் எதைப் பார்த்து வரைந்தார் என்று யோசியுங்கள்.

3. வயதை வியாபாரி வாயிலிருந்து கேட்காதீர்கள், லேபிளிடம் கேளுங்கள். அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவில் தொழில் கற்றுத் திரும்பி 1923-இல் சிவகாசியில் தீப்பெட்டி செய்யத் தொடங்கினார்கள். அதற்கு முந்தைய ‘சிவகாசி லேபிள்’ என்று யாராவது நீட்டினால் சிரித்துவிட்டு நகருங்கள். பின்கோடு இருந்தால் 1972-க்குப் பிந்தியது. சிவகாசி முகவரியில் ராமநாதபுரம் மாவட்டம் என்றிருந்தால் பெரும்பாலும் 1985-க்கு முந்தியது. விலை ஐம்பது காசிலிருந்து ஒரு ரூபாயானது 2007-இல். இரண்டு ரூபாயானது 2021 டிசம்பரில்.

4. மரச்சீவல் பெட்டியில் ஒட்டிய லேபிளைப் பிய்க்காதீர்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டால் பசை தானே விடும். சாயம் கரைகிறதா என்று கூடுதல் படி ஒன்றில் சோதித்துவிட்டு நல்லதைப் போடுங்கள். அட்டைப்பெட்டி என்றால் ஊறவைக்கவே வேண்டாம், பிரித்துத் தட்டையாக்கினால் போதும்.

5. குச்சியோடு சேர்க்க வேண்டாம். வீட்டில் ஆட்கள் இருக்கிறார்கள்.

6. இனி எனாமலுக்கு வருவோம். செம்புத் தகட்டில் கண்ணாடிப் பொடி பூசிச் சூளையில் உருக்கிச் செய்தவை அவை. பலவும் மூக்குப்பொடி டப்பிகள். செப்புத்தகட்டில் செதுக்கிய படத்தைக் காகிதத்தில் அச்செடுத்து எனாமல்மேல் ஒற்றினார்கள், பிறகு கையால் வர்ணம் தீட்டினார்கள். ஆக, அதுவும் அச்சுப்படம்தான், நம் லேபிளுக்குப் பணக்காரப் பங்காளி. லண்டன் பாட்டர்சீ பட்டறை 1753 முதல் 1756 வரைதான் நடந்தது. ஆனால் எந்தப் பழைய டப்பியையும் ‘பாட்டர்சீ’ என்று விற்பார்கள். பல டப்பிகள் பில்ஸ்டன், பர்மிங்காம் பக்கத்துச் சரக்கு, சில பாரிஸ் நகல்கள். ஹால்சியன் டேஸ் நிறுவனம் 1970-இல் இந்தக் கலையை மீட்டெடுத்துச் செய்தவை புதியவை. அவற்றைப் பழசு என்று வாங்கி ஏமாறாதீர்கள். மூடியின் விளிம்பை நகத்தால் தடவுங்கள். பெயர்ந்த சில்லைப் பூசி மறைத்திருந்தால் அங்கே நகம் தட்டும்.

7. மழைக்காலத்தில் நம்மூர்க் கோமுகி அணைப்பக்கத்து ஈரம் பீரோவுக்குள்ளும் வரும். செலோடேப் ஒட்டாதீர்கள், மஞ்சள் கறை போகவே போகாது. இராமபாணப்பூச்சிக்கு வசம்புத் துண்டு போதும்.

8. கீழே கிடக்கும் பெட்டியைக் குனிந்து எடுக்கக் கூச்சப்படாதீர்கள். குடியாத்தம், சாத்தூர், கோவில்பட்டிப் பெட்டிகள் வேண்டுமானால் லாரி ஓட்டுகிற அண்ணன்மார்களிடம் சொல்லிவையுங்கள். காலிப் பெட்டி எதற்கு என்று ஒருமுறை கேட்பார்கள், அப்புறம் அவர்களே கொண்டுவருவார்கள்.