சூரியன் 3.20-க்கே மறையும் ஊர்



நான் திரும்பி வந்ததிலிருந்து "ஸ்காட்லாந்து எப்படிடி இருந்துச்சு?" என்று எல்லோரும் கேட்கிறீர்கள். தனித்தனியாகச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது. அதனால் இந்தச் சுவர்ப் பத்திரிகையிலேயே எழுதிவிடுகிறேன். பனிக்கட்டிக் கதையை எதிர்பார்ப்பவர்கள் மன்னிக்கவும். இது சூரியனைப் பற்றிய பாடம்!

அம்மாவுக்கு அங்கே நர்ஸ் வேலை கிடைத்ததால் 2022 ஆகஸ்டில் போனோம். ஊரின் பெயர் விக். ஸ்காட்லாந்தின் வடகிழக்கு மூலையில், வட கடலை ஒட்டிய சின்ன ஊர். மக்கள் தொகை ஏறக்குறைய 7,000 பேர்தான். நம்ம ஊர்த் தேர்த் திருவிழாவுக்கே அதைவிடக் கூட்டம் வரும். இன்வர்னெஸ் என்ற நகரத்திலிருந்து ரயிலில் நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆகும். காற்று ஓயாமல் அடிப்பதால் மரங்கள் மிகவும் குறைவு. வயல்களுக்கு வேலிகூட பலகைக் கற்களை வரிசையாக நட்டுத்தான் போட்டிருக்கிறார்கள்.

நாகப்பட்டினம் ஏறக்குறைய 10.8° வட அட்சத்தில் இருக்கிறது. விக் 58.4°-இல் இருக்கிறது, அதாவது மாஸ்கோவையும் விட வடக்கே. ஆனாலும் மாஸ்கோ மாதிரி உறைந்து போகாது. வட அட்லாண்டிக் நீரோட்டம் வெதுவெதுப்பான நீரைக் கொண்டு வருவதால், ஜனவரியில்கூட சராசரி வெப்பநிலை 4 டிகிரி அளவில் இருக்கும். ஆகவே எங்களுக்குக் குளிர் பெரிய கஷ்டமாக இல்லை. கஷ்டப்படுத்தியது இருட்டுதான்.

பூமியின் அச்சு 23½° சாய்ந்திருக்கிறது என்று நாம் எல்லோரும் மனப்பாடம் செய்து மார்க் வாங்கியிருக்கிறோம். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கு அங்கே போன பிறகுதான் புரிந்தது. டிசம்பர் 21 வாக்கில் விக்கில் சூரியன் காலை 9 மணிக்கு உதித்து, பிற்பகல் 3.20-க்கு மறைந்துவிடும். பகல் வெறும் 6 மணி 20 நிமிடம். இருட்டில் பள்ளிக்கூடம் போய், இருட்டில் வீட்டுக்கு வருவேன். நண்பகலிலும் சூரியன் அடிவானத்துக்கு 8 டிகிரி மேலேதான் நிற்கும். மேகம் இருந்தால் அதுவும் தெரியாது.

ஜூனில் நேர் எதிர். காலை 4 மணிக்கே விடிந்துவிடும், இரவு 10.20-க்குத்தான் சூரியன் மறையும். அதன் பிறகும் முழு இருட்டு வராது. "விளக்கு வைக்கிற நேரத்துக்குள்ள வீட்டுக்கு வந்துடணும்" என்று அம்மா எப்போதும் சொல்வாங்க. அங்கே அந்தச் சட்டம் செல்லுபடி ஆகவில்லை. ஜன்னலில் போர்வையைக் கட்டித் தொங்கவிட்டுத்தான் தூங்கினோம்.

முதல் குளிர்காலம் முடியும்போது அம்மாவுக்குக் கால் வலி, எப்போதும் அசதி. படியேறவே சிரமப்பட்டாங்க. சின்ன விஷயத்துக்கெல்லாம் அழுவாங்க. ஊருக்கே திரும்பிவிடலாமா என்று அப்பா கேட்டார். எனக்குப் பயமாக இருந்தது. இரத்தப் பரிசோதனையில் வைட்டமின் டி மிகவும் குறைவு என்று தெரிந்தது. நர்ஸுக்கே தெரியலையா என்று சிரிக்காதீங்க! தன் உடம்பைப் பார்க்க அம்மாவுக்கு எங்கே நேரம்?

காரணம் இதுதான். வெயிலில் உள்ள ஒரு வகைப் புற ஊதாக் கதிர் தோலில் பட்டால்தான் வைட்டமின் டி உண்டாகும். சுண்ணாம்புச் சத்தை உடம்பு ஏற்க அது தேவை. சூரியன் தாழ்வாக இருந்தால் கதிர் காற்று மண்டலத்தில் அதிக தூரம் கடந்து வர வேண்டும், வழியிலேயே வடிகட்டப்பட்டுவிடும். அக்டோபர் முதல் மார்ச் தொடக்கம் வரை அங்குள்ள வெயிலில் நின்றாலும் பயன் இல்லை. நம் தோலில் மெலனின் அதிகம். இங்கே அது நமக்குக் குடை, அங்கே அதே குடை தடை. அதனால் நம்மைப் போன்ற நிறமுடையவர்கள் ஆண்டு முழுவதும் தினம் 10 மைக்ரோகிராம் வைட்டமின் டி எடுப்பது நல்லது என்று அந்த நாட்டுச் சுகாதாரத் துறை சொல்கிறது. அம்மாவுக்கு டாக்டர் அதைவிட அதிக அளவில் மாத்திரை கொடுத்தார்.

அப்படியானால் அந்த ஊர்க்காரர்கள் காலங்காலமாக எப்படி இருந்தார்கள்? பதில் பக்கத்து வீட்டுப் பாட்டி கொடுத்த தட்டில் இருந்தது. ஒருநாள் எங்களை 'டீ'க்குக் கூப்பிட்டார். டீ குடிக்கத்தானே என்று நான் வீட்டில் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுப் போனேன். அங்கே மாலைச் சாப்பாட்டுக்கே 'டீ' என்றுதான் பெயராம்! ஓட்ஸில் புரட்டிப் பொரித்த ஹெர்ரிங் மீன். அது நம்ம மத்தியின் குடும்பம்தான், ருசியும் கொஞ்சம் அப்படித்தான். இந்தக் கொழுப்பு மீன்களில் வைட்டமின் டி நிறைய உண்டு. 1860-களில் அந்த ஒரு துறைமுகத்திலிருந்து 1,000-க்கும் மேற்பட்ட படகுகள் ஹெர்ரிங் பிடிக்கப் போயிருக்கின்றன. பெண்கள் மீனைக் கிழித்துச் சுத்தம் செய்து, உப்புப் போட்டுப் பீப்பாயில் அடுக்குவார்களாம். இன்று அந்தப் படகுக் கூட்டம் இல்லை. கடலுக்குள் இருக்கும் காற்றாலைகளுக்குப் போகிற படகுகளைத்தான் நான் பார்த்தேன்.

அம்மா வாரம் இரண்டு நாள் புளி ஊற்றி மீன் குழம்பு வைக்க ஆரம்பித்தாங்க. கறிவேப்பிலை வாங்கத்தான் 160 கிலோமீட்டர் போக வேண்டும், அதனால் பெரும்பாலும் இல்லாமலேதான். இரண்டாம் குளிர்காலத்தில் அம்மா நன்றாகப் படியேறினாங்க. 2024 ஜூலையில் ஊர் திரும்பினோம்.

நான் சொல்வதை நம்பாதவர்களுக்கு ஒரு செய்முறை. டிசம்பர் 21 பகல் 12.10-க்குக் கொடிக்கம்பத்துக்கு அருகில் 30 செ.மீ. ஸ்கேலைச் செங்குத்தாக நிறுத்துங்கள். நிழல் ஏறக்குறைய 20 செ.மீ. இருக்கும். விக்கில் அதே ஸ்கேலின் நண்பகல் நிழல் 2 மீட்டரைத் தாண்டும். நான் சாக்பீஸோடு வருகிறேன், அந்த நீளத்தையும் பக்கத்திலேயே கோடு போட்டுக் காட்டுகிறேன்.

- 9-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி