இந்த வருஷக் கொலுவுக்கு ஒரு கரு!

நவராத்திரிக் கொலுவில் எல்லாப் பொம்மைகளையும் கலந்து அடுக்காமல், ஒரு கருவைச் சுற்றி அமைத்தால் வீடே களைகட்டும். குழந்தைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

* கரு: தசாவதாரம், கல்யாண ஊர்வலம், கிராமச் சந்தை என்று கையில் உள்ள பொம்மைகளுக்கு ஏற்பத் தேர்ந்தெடுங்கள். புதிதாக நிறைய வாங்க வேண்டியிருக்காது.

* படி: 3, 5, 7, 9 என ஒற்றைப்படையில் அமைப்பது வழக்கம். மேல்படியில் கலசமும் மரப்பாச்சி ஜோடியும் இருக்கட்டும். கருவுக்கான காட்சியைத் தரையில் பார்க் போல அமைத்தால் குழந்தைகளின் கண்ணுக்கு எட்டும்.

* பசுமை: நான்கைந்து நாள் முன்பே தட்டில் ஈரமண் பரப்பி வெந்தயம், கடுகு தூவுங்கள். கொலு தொடங்கும்போது வயல் தயார். கண்ணாடித் துண்டு வைத்தால் குளம். அட்டைப்பெட்டிக்கு வண்ணம் பூசினால் கடைவீதி.

* ஒரு நாள் மாலை: அக்கம்பக்கத்துக் குழந்தைகளைக் கருவுக்கேற்ற வேஷத்தில் அழையுங்கள். ஆளுக்கொரு பொம்மையின் கதையைச் சொல்லட்டும். சுண்டலோடு கீரை விதைப் பொட்டலம் கொடுக்கலாம்.

* கவனம்: அகல் விளக்கைப் படித்துணிக்கும் காகித அலங்காரத்துக்கும் எட்டத்தில் வையுங்கள். சீரியல் பல்பு ஒயர்களை முன்கூட்டியே சோதித்து, தூங்கப்போகும்முன் அணைத்துவிடுங்கள்.

* எடுத்து வைக்கும்போது: மண்பொம்மையை ஈரத்துணியால் துடைத்தால் வண்ணம் போகும். மெல்லிய பிரஷ்ஷால் தூசி தட்டி, பழைய பருத்தித் துணியில் சுற்றி, பெட்டிமேல் பெயர் எழுதுங்கள். அடுத்த வருஷ வேலை பாதியாகும்.